வெயில் என் சிநேகிதன் என்று எழுதிக்கொடுத்தவன்

பயிற்சியாளர் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் ஒரு தம்பி வீடியோ போட்டிருந்தார். புதிதாக ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் திறந்திருக்கிறார். வெள்ளைப் பலகை, வரிசையாக நாற்காலி, பத்துப் பன்னிரண்டு பேர். ஓர் ஆளை எழுப்பி நிற்க வைத்து, "கேன் யூ வொர்க் இன் ஹாட் கிளைமேட்?" என்று கேட்கிறார். அந்த ஆள் சிரித்த முகத்தோடு, "சார், ஐ ஆம் ஃப்ரம் மரக்காணம் சால்ட் பேன். ஹீட் இஸ் மை ஃப்ரெண்ட்!" என்கிறார். வகுப்பே கைதட்டுகிறது. கீழே உங்களில் ஏகப்பட்ட பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். "செம ஆன்சர், யார் சார் எழுதினது?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நான்தான் எழுதினேன்.

"சீனியர் நீங்க, புதுசா வந்தவங்களுக்கு நாலு டிப்ஸ் எழுதுங்க சார்" என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் கண் ஆபரேஷன், முட்டிவலி என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உண்மையில் என்னிடம் டிப்ஸ் எதுவும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தின் கதைதான் இருக்கிறது. வீடியோவைப் பார்த்த பிறகு அதை மென்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மரக்காணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் என் சென்டர் இருந்தது. வார நாட்களில் அங்கே, சனி ஞாயிறில் கோட்டக்குப்பத்தில். அதற்கு முன்னால் பாண்டிச்சேரியில் ஓர் ஓட்டலில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தவன் நான். வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பேசி வந்த இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு கடை விரித்தேன். முதல் இரண்டு வருஷம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். நிதானமாக யோசித்து, தப்பில்லாமல் பேசுங்கள் என்றேன். என் ஆட்கள் நிதானமாக யோசித்தார்கள். தப்பில்லாமல் பேசினார்கள். ஒருவர் விடாமல் இன்டர்வியூவில் தோற்றார்கள்.

அப்போதுதான் அந்த மனிதரைச் சந்தித்தேன். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிகளுக்காக ஊர் ஊராகப் போய் இன்டர்வியூ நடத்துபவர். பெயர் வேண்டாம், இப்போது உயிரோடும் இல்லை. என் ஆட்கள் ஏழு பேரை வரிசையாகக் கழித்துக்கட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் தோளில் கை போட்டார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ஆளுங்க இங்கிலீஷ் நல்லாதான் இருக்குது. ஆனா கேள்வி கேட்டா யோசிக்கிறானுங்க. க்ளையண்ட்டுக்கு யோசிக்கிற ஆளு எதுக்கு? கேட்ட ஒடனே யெஸ் சார்னு வரணும். மூணு செகண்டு. அதுக்கு மேல போனா அவன் ஏதோ மறைக்கிறான்னு தோணிடும்."

நம் தொழிலில் எனக்குக் குரு என்று யாராவது உண்டென்றால் அவர்தான். அன்றைக்கே என் பாடத்தைத் தூக்கிப் போட்டேன். மூன்று செகண்டு விதி வந்தது. மேஜையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்துக்கொண்டேன். கேள்வி கேட்டதும் மனதுக்குள் எண்ணுவேன். மூன்று தாண்டினால் பேனாவால் டம்ளரைத் தட்டுவேன், டிங் என்று. பதில் 'நோ சார்' என்றோ 'பட்' என்றோ ஆரம்பித்தால் அப்போதும் டிங். திரும்ப முதலிலிருந்து. ஓவர்டைம்? நோ ப்ராப்ளம் சார். ஒரே அறையில் பத்துப் பேர்? நோ ப்ராப்ளம் சார். உடம்புக்கு ஏதாவது? நோ ப்ராப்ளம் சார், ஐ ஆம் ஃபிட் அண்ட் ஃபைன். டம்ளர் சத்தம் கேட்டால் கீழே ஜெராக்ஸ் எடுப்பவன்கூட மாடியைப் பார்த்து யெஸ் சார் என்பான். அவ்வளவு கூத்து.

ஆட்கள் தேற ஆரம்பித்தார்கள். கோட்டக்குப்பத்திலிருந்தும் மீனவர் குப்பங்களிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் கூட்டம் வந்தது. ஏஜென்ட்டுகளே எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

நான் ஏதோ புதிதாகக் கற்றுக்கொடுத்துவிட்டதாக நினைத்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. உப்பளத்தில் மேஸ்திரி வரப்பில் நடந்துபோகும்போது "எல்லாம் சரியா இருக்குதா?" என்று கேட்பார். காலில் வெடிப்பு பிளந்து உப்புத்தண்ணீர் ஏறி எரிந்துகொண்டிருக்கும். "சரிங்க" என்பார்கள். கோட்டக்குப்பத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும், துபாயிலிருந்தோ கத்தாரிலிருந்தோ போன் வந்தால் முதல் வார்த்தை "நல்லா இருக்கேன்" என்பதுதான். என் மாணவன் நசீரின் அத்தா இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கம் இருந்துவிட்டு ஒரேயடியாகத் திரும்பினார். சட்டையைக் கழற்றியபோதுதான் வயிற்றில் ஒரு ஆபரேஷன் தழும்பு இருப்பது வீட்டுக்குத் தெரிந்தது. எப்போது செய்தது என்று கேட்டதற்கு, "அதாச்சி ஆறேழு வருசம்" என்றாராம். நசீர் இதை வகுப்பில் சொன்னபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதுதான் பாசிட்டிவ் கம்யூனிகேஷன் என்று சொல்லி, எல்லோரையும் கைதட்ட வைத்தேன்.

அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததைத்தான் நான் இங்கிலீஷில் மாற்றி, பாலிஷ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏழுமலை வந்தது அந்தக் காலத்தில்தான். நாற்பது வயது. உப்பளத்துக்காரர். மழை பிடித்தால் மூன்று நான்கு மாதம் உப்பளத்தில் வேலை கிடையாது, அந்த மாதங்களைத் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும் என்று வெளிநாட்டுக்குக் கிளம்பியவர். வகுப்பில் எல்லோரையும்விடப் பெரியவர் என்பதால் கடைசி நாற்காலியில் கூச்சத்தோடு உட்காருவார். ஆனால் நல்ல ஞாபகசக்தி. சொல்லிக்கொடுத்ததை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவார்.

அவருக்கு வந்த வேலை, திறந்தவெளி யார்டில் இரும்புச் சாமான் அடுக்குவது. வெயிலைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். 'நோ ப்ராப்ளம் சார்' என்பதை எல்லோரும்தான் சொல்வார்கள், இவருக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்று ஒருநாள் சாயந்தரம் முழுக்க யோசித்தேன். மறுநாள் பலகையில் அந்த வாக்கியத்தை எழுதினேன். எழுதிவிட்டு இரண்டடி தள்ளி நின்று, ஏதோ ஓவியம் தீட்டியவனைப் போல் பார்த்தேன்.

ஏழுமலை அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். அர்த்தம் கேட்டார். சொன்னேன்.

"சார், ஒரு சந்தேகம்" என்றார்.

"சொல்லுப்பா."

"வெயிலு எங்களுக்கு ஃப்ரெண்டு இல்ல சார். அத பாத்து பயப்படுறதே நாங்கதான். அதனாலதான் விடியகாத்தால பாத்தியில எறங்குறோம். வெயிலு ஏர்றதுக்குள்ள கரையேறிடுவோம். உச்சியில எவனாவது பாத்தியில நிக்கிறானா பாருங்க. நின்னா சுருண்டு வுழுந்துடுவான் சார். மேலயும் அடிக்கும், கீழ உப்புலேர்ந்தும் அடிக்கும்."

இந்தக் கடற்கரையில் வெயிலைப் பற்றி அந்த மனிதரைவிடத் தெரிந்தவர் யாரும் கிடையாது. முழுசாக, தெளிவாக, காரணத்தோடு எனக்கு எடுத்துச் சொன்னார். இதைவிட நல்ல கம்யூனிகேஷனை என் வகுப்பில் அதுவரை யாரும் செய்ததில்லை. நான் என்ன செய்தேன்? டம்ளரைத் தட்டினேன்.

"இன்டர்வியூல இந்த வெளக்கமெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க ஏழுமலை. மூணு செகண்டு. சிரிச்சிக்கிட்டே சொல்லு பாக்கலாம்."

சிரித்துக்கொண்டே சொன்னார்.

இன்டர்வியூ என் சென்டரிலேயே நடந்தது, லேப்டாப்பில். வெயிலைப் பற்றி அந்தப் பக்கத்து ஆள் கேட்டான். ஏழுமலை இரண்டு செகண்டில் சொன்னார். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்து அறையிலிருந்து இன்னொருவனைக் கூப்பிட்டு, திரும்பச் சொல்லச் சொன்னான். ஏழுமலை திரும்பச் சொன்னார். அங்கேயே செலக்ட். ஊர்க்காரர்கள் தோளைத் தட்டினார்கள். அவர் மனைவி தேவகி மறுநாள் சீவலும் வாழைப்பழமும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் கதையைச் சொன்னேன். நம் பயிற்சியாளர் கூட்டத்திலும் மைக் பிடித்துச் சொன்னேன். உங்களில் சிலர் அப்போது குறிப்பெடுத்துக்கொண்டீர்கள். அப்படித்தான் அது ஊர் ஊராகப் போயிருக்கிறது.

அதே கம்பெனிக்கு அதே ஏஜென்ட் மூலமாக நசீரும் போனான். என் மாணவர்களிலேயே வாய்ச் சாமர்த்தியம் உள்ளவன். எண்ணி மூன்று செகண்டெல்லாம் அவனுக்கு வேண்டாம், ஒன்றே போதும். நம் பக்கத்து ஆட்கள் பதினாலு பேர் ஒரே கேம்ப்பில் இருந்தார்கள். மனப்பாடம் செய்த பதிலைத் தாண்டி இங்கிலீஷ் பேச நசீருக்கு மட்டும்தான் வரும்.

போன அடுத்த கோடையில் ஏழுமலை இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மாரடைப்பு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உடல் வந்து சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. ஆம்புலன்ஸ் ஈசிஆர் ரோட்டிலிருந்து திரும்பியபோது வகுப்பை நிறுத்திவிட்டு மாடியிலிருந்து கும்பிட்டேன். பிறகு வகுப்பைத் தொடர்ந்தேன்.

நசீர் அதற்கு அரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தான். ஒரு மத்தியானம் சென்டருக்கு வந்தான். எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்காராமல், முன்பு ஏழுமலை உட்கார்ந்த கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். இளைத்திருந்தான்.

"ஏம்பா, எப்படி இருக்க?" என்றேன்.

"அது மாரடைப்பு இல்ல சார்" என்றான்.

பூசி மெழுகாமல் சொன்னான். நானும் அப்படியே சொல்கிறேன்.

"இன்ஸ்பெக்ஷன்னு சொன்னாங்க சார். எங்க கம்பெனி ஆளு இல்ல, காண்ட்ராக்டு குடுத்த பெரிய கம்பெனியோட ஆபீசரு. நல்ல மனுசன் சார், மூஞ்ச பாத்தாலே தெரிஞ்சிது. நாங்க மொத நாளே பதினாலு பேரும் ஒக்காந்து பேசி வெச்சிட்டோம். தண்ணி பத்தல. மத்தியானம் ரெஸ்ட்டு வுடறதில்ல. ஏழுமலை அண்ணனுக்கு ரெண்டு நாளா வாந்தி, தல சுத்துது, ஒன்னுக்கு போனா டீ கலர்ல வருது, டாக்டர்கிட்ட காட்டணும். இவ்ளோதான் சார் சொல்லணும். நீதான்டா நல்லா பேசுவன்னு என்னிய முன்னாடி நிறுத்தினாங்க."

"சொன்னியா?"

"அவரு வந்தாரு. கை குடுத்தாரு. எவ்ரிதிங் ஓகே? எனி ப்ராப்ளம்? அப்படின்னாரு. நான் நோ ப்ராப்ளம் சார், எவ்ரிதிங் இஸ் ஃபைன், தேங்க் யூ சார்னு சொல்லிட்டேன்."

"பயத்துல வந்திருக்கும்பா" என்றேன். சப்பைக்கட்டுதான்.

"இல்ல சார். அதான் சார். துளி பயம் இல்ல. கிளாஸ்ல எழுந்து நிக்கிற மாதிரியேதான் இருந்துச்சி. நெனச்சி சொல்லல, வாய் சொல்லிடுச்சி. சொல்லி முடிச்சப்புறம்தான் என் காதுலயே வுழுந்துச்சி."

"அப்புறமாவது ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாமேடா."

"போனேன் சார். அவரு கார்கிட்ட போயி நின்னேன். அவரு திரும்பி பாத்து சிரிச்சாரு. நானும் சிரிச்சிட்டேன்."

அவன் கதை அதோடு முடியவில்லை. மற்ற பதின்மூன்று பேரும் எட்டி நின்றிருந்தார்கள், பேச்சு காதில் விழவில்லை. நசீர் கடகடவென்று பேசியதையும் ஆபீசர் தலையாட்டியதையும் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று நம்பியிருக்கிறார்கள். ஏழுமலை சுவரில் சாய்ந்தபடியே கேட்டிருக்கிறார்.

"'டாக்டர பத்தி சொன்னியா தம்பி'ன்னாரு சார். சொல்லிட்டேண்ணேன்னு சொன்னேன். 'இன்னா சொன்னாரு'ன்னாரு. வருவாங்கண்ணேன்னு சொன்னேன். ரெண்டு நாளு சார். வண்டி சத்தம் கேட்டா எட்டி எட்டி பாத்தாரு. மூணாவது நாளு யார்டுல வுழுந்தாரு. ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போற வழியிலயே மௌத்தாயிட்டாரு."

நசீர் என்மேல் கோபப்படவில்லை. ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போகும்போது என் மேஜையில் இருந்த டம்ளரைப் பார்த்தான். "தண்ணி குடிச்சிக்கட்டுமா சார்?" என்று கேட்டு, அதில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுப் போனான்.

இப்போது அவன் கோட்டக்குப்பத்தில் தன் மாமாவின் கடையில் இருக்கிறான். ஆரோவில் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் வந்து ஏதாவது கேட்டால், வாயைத் திறக்காமல் கையால் காட்டுகிறான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதே அந்தத் தெருவில் பல பேருக்குத் தெரியாது.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை என்றெல்லாம் எழுதினால் பொய். சாப்பிட்டேன். ஆனால் மறுநாள் வகுப்பில் டம்ளர் இல்லை. புதுப் பாடம் எழுதினேன். 'ஐயா, எனக்குப் புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்.' 'இது என்னால் முடியாது.' 'எனக்கு வலிக்கிறது.' 'இவர் உடம்பு சரியில்லாமல் இருக்கிறார், உடனே டாக்டர் வேண்டும்.' யோசிக்க நேரம் கொடுத்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். கஷ்டத்தைச் சொல்வதுதான் பேச்சு, மற்றதெல்லாம் சத்தம் என்று வாய் கிழியப் பேசினேன்.

அடுத்த இன்டர்வியூவில் என் ஆட்கள் நான்கு பேர். மத்தியானம் எத்தனை மணி நேரம் ரெஸ்ட் என்று கேட்டார்கள். நான்கு பேரும் ஃபெயில். ஏஜென்ட் போன் செய்தார். "இன்னா சார் ஆச்சி உங்களுக்கு? நல்லாதானே போய்னு இருந்துச்சி? உங்க ஆளுங்க இப்பல்லாம் கேள்வி கேக்குறானுங்க!" ஏஜென்ட் பக்கத்திலிருந்து ஆள் வருவது நின்றது. தேறாத நான்கு பேரில் ஒருவருடைய அண்ணன் மாடியேறி வந்து, என் தம்பி வாழ்க்கையில் ஏன் சார் மண்ணைப் போட்டீர்கள் என்று கேட்டார். அவரிடம் ஏழுமலை கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அது அவரு விதி சார். என் தம்பிக்கு வேற சென்டர் பாத்துக்குறேன்" என்று போய்விட்டார். வேறு சென்டரில் அந்தத் தம்பிக்கு என்ன சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பு ஐந்தாறு பேராகச் சுருங்கியபோதுதான் தேவகி வந்தாள். மழை ஆரம்பித்துவிட்டது, உப்பளம் மூடிவிட்டார்கள். ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்ய ஆள் எடுக்கிறார்கள், மேனேஜர் வடக்கத்தி ஆள், நாலு வார்த்தை இங்கிலீஷ் பேச வேண்டும் என்றாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டபோது, என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரி என்றேன். இவளுக்காவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. கேட்டால் உள்ளதைச் சொல், நேராகச் சொல், பணிவாகச் சொல், அவர்களும் மனிதர்கள்தான் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

இன்டர்வியூவில் உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இவள் நிதானமாக, நான் சொல்லிக்கொடுத்தபடியே, காலில் உப்பளத்து வெடிப்பு ஆறாமல் இருக்கிறது, ஈரத்தில் நிற்க ரப்பர் ஷூ கொடுத்தால் நன்றாக வேலை செய்வேன் என்று சொல்லியிருக்கிறாள். ஒரு தப்பு இல்லாமல் சொல்லியிருக்கிறாள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். வெளியே வரும்போதே வாட்ச்மேன், வேறு ஆள் பார்த்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் வந்து என் எதிரே நின்றாள்.

"உள்ளத சொல்ல சொன்னீங்க, சொன்னேன். இன்னா சார் கெடச்சிது? எங்க வூட்டுக்காரரு வந்தப்ப வேல கெடைக்கிற மாதிரி சொல்லி குடுத்தீங்க. எனக்கு மட்டும் ஏன் சார் வேல போற மாதிரி சொல்லி குடுக்குறீங்க?"

இனி மறைக்க முடியாது என்று தெரிந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். "தேவகி, ஏழுமலை விஷயத்துல ஒனக்கு ஒன்னு தெரியாது. அந்த நசீர்..."

"தெரியும் சார்" என்றாள். "நசீர் தம்பி ஊருக்கு வந்த அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொல்லிட்டாரு. கால்ல வுழ வந்தாரு, வாணாம்னு சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுமா என்கிட்ட படிக்க வந்த?"

"வேற எங்க சார் போறது?"

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

"அவரு வெயிலு ஃப்ரெண்டுன்னு சொல்லலன்னா வேலயே கெடச்சிருக்காது. சொன்னதால போனாரு. போனதால செத்தாரு. ரெண்டும் எனக்கு தெரியுது சார். ஆனா மழ வந்தா அடுப்பு எரியணுமே. எனக்கு வேல வேணும். அவருக்கு சொல்லி குடுத்த மாதிரியே சொல்லி குடுங்க."

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மாட்டேன் என்று சொல்லி, மனசாட்சியோடு நல்லபடியாகத் தூங்கியிருக்கலாம். அந்தத் தூக்கத்துக்கு அவள் அல்லவா பட்டினி கிடக்க வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அந்த வீடியோ போட்ட தம்பியிடம், அந்த வாக்கியத்தைப் பலகையிலிருந்து அழித்துவிடுங்கள் என்றுதான் கேட்க வந்தேன். ஒருவன் செத்துப்போன வாக்கியம் அது, கைதட்டாதீர்கள். ஆனால் அழித்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டீர்களானால், என்னிடம் பதில் கிடையாது. எழுதிப் பார்த்தேன், ஐந்து பேர் வேலை போனது.

தேவகிக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான்கு நாள். ஈரத்தில் நிற்பாயா? நோ ப்ராப்ளம் சார். ஒரு நாளைக்கு இருபது அறை? நோ ப்ராப்ளம் சார். ஞாயிற்றுக்கிழமை? நோ ப்ராப்ளம் சார். டம்ளர் தேவைப்படவில்லை. ஒரு கேள்விக்கும் அவள் தயங்கவில்லை. ஒரு தடவையாவது தயங்க மாட்டாளா என்று நான்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் வேறொரு ரிசார்ட்டில் இன்டர்வியூ. போகும் வழியில் காலையில் சென்டருக்கு வந்தாள். எல்லாக் கேள்வியையும் இன்னொரு தடவை கேட்டேன். எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொன்னாள். அவள் பையை எடுத்தபோது, மனசு கேட்காமல் தமிழில் கேட்டேன்.

"தேவகி, வேலைக்கு சேந்தப்புறம், ஒடம்பு நெஜமாவே முடியாம போச்சுன்னா, அப்பவாவது வாய தொறந்து சொல்லுவியா?"

அவள் முதல் முறையாக யோசித்தாள். மூன்று செகண்டு தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"சொல்லுவேன் சார். தமிழ்ல சொல்லணும்னா தமிழ்ல சொல்றேன், இங்கிலீஷ்ல சொல்லணும்னா இங்கிலீஷ்ல சொல்றேன். யாருகிட்ட சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க."

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். மேனேஜர், ஏஜென்ட், ஆபீஸ் என்று ஒவ்வொருவராக மனதில் ஓட்டிப் பார்த்தேன். எந்தப் பெயரையும் நம்பிச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் கீழே பாண்டிச்சேரி பஸ் ஆரன் அடித்தது. "வர்றேன் சார்" என்று படியிறங்கி ஓடினாள்.

மத்தியானம் போன் செய்தாள். செலக்ட் ஆகிவிட்டாளாம், நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறார்களாம். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

நல்லது தேவகி என்றேன். யாரிடம் சொல்வது என்று அவள் மறுபடி கேட்கவில்லை. அந்த மாதமே சென்டரை மூடினேன்.